டெண்டருக்குப் போய்வந்த பெட்டி

செவ்வாய்க்கிழமை காலை தபால்காரர் ஒரு பெட்டியை மேசையில் வைத்து, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். சப்பாத்து ஜோடி வருகிற அட்டைப்பெட்டி அளவுதான். மேலே உன் எழுத்து. நம் பட்டறையின் பெயரைச் சிங்களத்தில் எழுதினால் கடைசி எழுத்துக்கு ஒரு வால் இழுப்பாயே, அந்த வாலும் அப்படியே இருந்தது. நீ போய் ஒன்றரை வருடம் ஆன பிறகு உன் கையெழுத்து தபாலில் வருகிறது. கத்தரிக்கோலைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே பட்டறைக்குள் அங்கும் இங்கும் நடந்தேன்.

திறந்தபோது முதலில் ரப்பர் வாடை வந்தது. உனக்கும் எனக்கும் அது சோற்று வாடை மாதிரி, கவனிக்கவே மாட்டோம். அதற்கடியில் இன்னொரு வாடை இருந்தது. காறிப்போன நெய். உள்ளே இருந்த பன்னிரண்டு ரப்பர் வளையங்களையும் வெளியே எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஓர் இடம் மட்டும் மெத்தென்று, லேசாக வீங்கியிருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருக்கலாம் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். "நீ" என்றுதான் எழுதப்போகிறேன். ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவளை, என் அண்ணனைக் கட்டிக்கொண்ட மறுநாளே "இனிமே வாடி போடின்னு கூப்பிட்ட, வாயிலயே போடுவேன்" என்று அம்மா எச்சரித்ததால், ஊர் முன்னால் "வாங்கண்ணி, போங்கண்ணி" என்று இருபது வருடம் நடித்தேன். பட்டறைக் கதவைச் சாத்தியதும் பழையபடி வாடி போடிதான். இப்போது அம்மாவும் இல்லை, நீயும் இல்லை. அண்ணி என்ற சொல் மட்டும் வாயில் ஒட்டிக்கொண்டது.

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த இரண்டு பெண்கள் சொந்தமாக ரப்பர் சாமான் செய்யப் போகிறோம் என்றதும் எத்தனை பேர் சிரித்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "பால் வெட்டப் பொறந்ததுங்க, பட்டறை வைக்கப் போகுதுங்களாம்." நீ கையுறைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் நின்று கலவை பழகியிருந்தாய். எனக்குச் சிங்களம் எழுத வாசிக்க வரும், ஏதோ கொஞ்சம் இங்கிலீஷும் வரும். அண்ணனுக்கு லொறி ஓட்டத் தெரியும். இந்த மூன்றையும் வைத்துத்தான் இரண்டு சூட்டு அச்சும் ஒரு ரோலரும் உள்ள நம் தகரக் கொட்டகை ஓடியது. தண்ணீர்க் குழாய்களின் மூட்டில் போடுகிற வளையம், வாசல் பாய், கரண்டு கம்பிக்குச் சுற்றுகிற மூடி என்று எது கேட்டாலும் செய்தோம்.

உன் மூக்கை நம்பித்தான் எல்லாம். மற்றப் பட்டறைகளில் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள், நீ மோந்து பார்ப்பாய். கந்தகம் கூடிவிட்டால் ரோலர் பக்கம் வராமலே வாசலில் நின்று கத்துவாய். எண்ணெய்க்கும் உனக்கும் ஏழாம் பொருத்தம். ரப்பரில் எண்ணெய் பட்டால் வீங்கி மெத்தென்று போகும் என்று நம்மிடம் வேலைக்கு வந்த ஒவ்வொருத்திக்கும் முதல் நாளே பாடம் எடுப்பாய். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தால் அச்சுப் பக்கம் விடமாட்டாய். சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவ வேண்டும். என்னைப் பார்த்துத்தான் அதிகம் கத்துவாய். "ஒன் தலைய புழிஞ்சா நாலு வெளக்கு எரிக்கலாம்டி, அந்தப் பக்கம் போ!"

அந்தத் தலைதான் இந்த வேலையும் செய்தது.

அரநாயக்கப் பக்கம் மலைமேலும், நம் தோட்டத்துப் பிரிவுகளுக்கும் அரசாங்கம் குழாய்த்தண்ணீர் கொண்டுவரப் போகிறது, மூட்டு வளையத்துக்கு டெண்டர் என்று பத்திரிகையில் வந்ததும் நீ மூன்று இரவு தூங்கவில்லை. கிடைத்தால் இரண்டு வருடத்துக்கு வேலை. இன்னும் பத்துப் பேரைச் சேர்க்கலாம். டெண்டர்ப் பத்திரத்தை நான்தான் வாசித்துச் சொன்னேன். ஒரு பக்கத்தில் உள்ளூர் உற்பத்தியாளருக்கு முன்னுரிமை என்று இருந்தது. இன்னொரு பக்கத்தில் வேறு நாட்டு அரசாங்கங்களுக்கு ஐந்து வருடமாவது சாமான் கொடுத்த அனுபவம் வேண்டும் என்று இருந்தது. நம் வாசல் பாய் பக்கத்து மாவனெல்லையைத் தாண்டியதில்லை. "இந்த ரெண்டையும் ஒரே ஆளாடி எழுதுனான்?" என்று கேட்டாய். எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை. "முன்னுரிமைன்னு போட்டிருக்கான்ல, அதப் புடிச்சுக்கிட்டு ஏறுவோம்" என்றாய். அந்த அளவுக்கென்றே புதிதாக அச்சு வெட்டி, மூன்று நாள் போட்டுப் போட்டுக் கழித்து, பன்னிரண்டு வளையம் தேறியது.

கொடுக்க வேண்டிய கடைசி நாளுக்கு முந்தின நாள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா ஹோமம். நான் போகும்போது உனக்குத் தெரியாமல் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். உன்னிடம் முதலிலேயே கேட்டிருந்தேன். "சாமிக்குக் காட்டணும்னா டெண்டர் பேப்பரக் காட்டு, வளையத்தக் காட்டாத" என்று சொல்லியிருந்தாய். எனக்கு மனசு கேட்கவில்லை. நம் சனங்கள் புது மண்வெட்டி வாங்கினாலும் பொட்டு வைக்காமல் மண்ணில் இறக்க மாட்டார்கள். லொறி டயரின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்காமல் அண்ணன் சாவியைத் திருப்ப மாட்டார். நம் வாழ்க்கையே போகிற பெட்டியை வெறுமனே அனுப்புவதா?

பூசாரி ஐயா அம்மன் காலடியில் வைத்துப் பூசை பண்ணினார். "என்னாம்மா இது, வளையலா?" என்று கேட்டார். "கொழாய்க்குப் போடுறதுங்க. கவர்மெண்டுக்குப் போகுது" என்றேன். "அப்ப கண்ணு படும்" என்று சொல்லி, ஹோமச் சாம்பலை நெய்யில் குழைத்த ரட்சையைப் பெருவிரலால் எடுத்து, பன்னிரண்டு வளையத்துக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்தார். கறுப்பு ரப்பரில் கறுப்புப் பொட்டு. வைத்த இடமே தெரியவில்லை. எனக்கு அது நெய் என்று உறைக்கவில்லை, அண்ணி. சத்தியமாக உறைக்கவில்லை. அது எனக்கு ரட்சை. நெய் என்றால் சாப்பாட்டில் போடுவது, எண்ணெய் என்றால் தலையில் வைப்பது. கும்பிட்டுவிட்டு, பெட்டியை எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து வைத்தேன்.

மறுநாள் நீயும் அண்ணனும் அரக்கு வைத்து மூடி, கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தீர்கள்.

ஐந்து மாதம் கழித்து முடிவு வந்தது. வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நீ அடங்கவே இல்லை. கடைக்குப் போனாலும், பஸ்ஸில் ஏறினாலும், கோயிலில் பிரசாதத்துக்கு நின்றாலும் அதே பேச்சு. "சுத்திவர இருக்கிற மரத்துல எல்லாம் பால் வடியுது. வளையம் மட்டும் கப்பல்ல வரணுமாம்!" "சாமி வரங்குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்." நான் ஒருநாள், நம் சாமானில் ஏதும் குறை இருந்திருக்குமோ என்று மெல்லக் கேட்டேன். என்னை அடிக்க வந்தாய். "கொறையா? எங்கடி கொறை? ஒனக்கு என்னா தெரியும்? இக்கரைக்கு அக்கரைப் பச்சை, அம்புட்டுத்தான்!" அப்படி ஒரு கோபத்தை நான் உன்னிடம் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஒரு வருடம் அப்படியே கத்திக்கொண்டிருந்தாய். பிறகு ஒரு வியாழக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோலர் பக்கத்தில் உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்கவில்லை நீ.

"டெண்டர்தான் அவளக் கொன்னுச்சு." சாவு வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் அண்ணன் இதைத்தான் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். நம்பித்தான் ஆட்டினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாசி மாதம் நம் லயத்துக்குக் குழாய்த்தண்ணீர் வந்துவிட்டது. மலையிலிருந்து தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய்க் குடம் தூக்குவது நின்றுவிட்டது. மூட்டுக்கு மூட்டு அந்த வெளிநாட்டு வளையம்தான். ஒழுகட்டும், வெடிக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். ஒவ்வொரு மூட்டையும் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன், பக்கத்து வீட்டு லெட்சுமி என்னைப் பார்த்து "என்னாங்க அக்கா, காசு தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்கும் வரைக்கும். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். முதல் தடவை குடிக்கும்போது உனக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருந்தது. இரண்டாம் தடவை தாகமாக இருந்தது. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

பெட்டி ஏன் வந்தது என்று சொல்கிறேன். அந்த டெண்டருக்குப் போட்ட உள்ளூர்க்காரர்கள் நம்மோடு ஐந்து பேர். நீ போன பிறகு ஐந்து பேரும் சேர்ந்து, தகவல் அறியும் சட்டத்தில் காரணம் கேட்டும், மாதிரியைத் திருப்பித் தரச் சொல்லியும் மனுப் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை கேகாலையில் கூட்டம், பத்திரிகைக்காரர்களும் வருவார்கள் என்று ஏற்பாடு. அண்ணன் உன் படத்தை வைத்துக்கொண்டு பேசுவதாக இருந்தார். வெள்ளைச் சட்டை தோய்த்து மடித்தும் வைத்துவிட்டார்.

பெட்டியோடு சிங்களத்தில் இரண்டு பக்கக் கடிதம் வந்தது. அண்ணன் சிங்களம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவார், எழுத்து தெரியாது. ஆகவே நான்தான் வாசித்தேன். முதல் பக்கத்தில் அந்த ஐந்து வருட வெளிநாட்டு அனுபவம் நமக்கு இல்லை என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் நம் மாதிரியைச் சோதித்த விபரம் இருந்தது. அளவு சரி. இறுக்கம் சரி. இழுத்தால் தாங்குவது சரி. கடைசியில், பன்னிரண்டிலும் ஒவ்வொரு இடத்தில் நெய்ப்பசை, அவ்விடத்தில் வீக்கம், ஆகவே தகுதியில்லை.

அண்ணனுக்கு முதல் பக்கத்தை மட்டும் வாசித்துச் சொன்னேன்.

மூன்று நாள் அந்த இரண்டாம் பக்கத்தோடு நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது? முதல் பக்கம் உண்மையானால், நம் வளையம் தங்கத்தில் இருந்திருந்தாலும் தந்திருக்க மாட்டார்கள். அப்படியானால் என் பொட்டு ஒன்றும் செய்யவில்லை. தரவே போவதில்லை என்றால் எதற்காக இழுத்துப் பார்த்து, அழுத்திப் பார்த்து, எழுதி வைத்தார்கள்? அப்படியானால் என் பொட்டுத்தான் எல்லாம் செய்தது. காலையில் ஒரு பக்கம் உண்மையாகத் தெரியும், சாயந்தரம் மற்றப் பக்கம். அண்ணன் கூட்டத்தில் உன் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பேசும்போது அந்த அரசாங்கக் கந்தோரின் அதிகாரி ஒருவர் எழுந்து இந்தப் பக்கத்தை வாசித்தால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் நமக்கு. உன்னையும் சேர்த்துத்தான் சிரிப்பார்கள். சொல்லிவிட்டால் அண்ணன் என் முகத்தில் எப்படி விழிப்பார் என்ற பயம். மனைவியைக் கொன்றது டெண்டர் என்று நம்பிக்கொண்டிருக்கிற மனிதரிடம், அந்த டெண்டரைக் கெடுத்தது உங்கள் தங்கச்சி என்று எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பெண்கள் போனதும் சொன்னேன். கோயில், பூசாரி, ரட்சை, இரண்டாம் பக்கம், எல்லாம். அழுதுகொண்டேதான் சொன்னேன். அண்ணன் ரோலரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"பெட்டிய மூடுனது யாரு?" என்றார்.

"அண்ணி."

"அவ மூக்குக்குத் தெரியாம நெய் போயிருமா?"

எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"காலையில அரக்கு வைக்கிறதுக்குத் தொறந்தா. தொறந்தவொடன மோந்துட்டா. 'ஒங்க தங்கச்சி கோயிலுக்குக் கொண்டு போயிருக்கா, நெய் எறங்கிருச்சு'ன்னா. வேற போடுன்னேன். அன்னிக்குக் கரண்ட் இல்ல, ஒனக்கு ஞாபகம் இல்லையா? அந்தியில கரண்ட் வந்து அச்சு சூடேறுறதுக்குள்ள கந்தோரு மூடிருவான். 'வுடுங்க, அவனுங்க தொறக்கவே மாட்டானுங்க. யாருக்குன்னு முடிவு பண்ணிட்டுதான் பேப்பர்லயே போடுறானுங்க. ஒங்க தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த சொல்லிறாதீங்க, செத்துருவா'ன்னு சொல்லிட்டு அரக்க வச்சுட்டா."

"தெரிஞ்சுமா அண்ணே டெண்டர்தான் கொன்னுச்சுன்னு ஊரெல்லாம் சொன்னீங்க?"

"வேற என்னான்னு சொல்லச் சொல்ற? நெய் கொன்னுச்சுன்னா?"

கதவைச் சாத்தும்போது அண்ணன், "ஞாயித்துக்கெழம ரெண்டு பக்கத்தையும் எடுத்துக்க" என்றார். வாசிப்பதற்கா, மறைப்பதற்கா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீ ஒரு வருடம் கத்தியது எனக்காகவா, அண்ணி? நான் குறை என்ற சொல்லை எடுத்ததும் அடிக்க வந்தது, நான் அந்தப் பக்கம் யோசிக்கவே கூடாது என்றா? அல்லது மூடியதே நீ என்பதால், உன் மனசு உன்னையே கேட்டுவிடாமல் இருக்கவா? என்னைக் கூப்பிட்டு நாலு அறை வைத்திருக்கலாமே. "நெய்யத் தடவிட்டு வந்துட்டியேடி முண்டம்" என்று திட்டியிருக்கலாமே. தலை எண்ணெய்க்கு அத்தனை திட்டு வாங்கியவள், இதற்கும் வாங்கிக்கொண்டிருப்பேன். உன் நல்ல மனசை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது.

கேகாலையில் ஒரு கடைக்கு மேல்மாடியில் கூட்டம். மற்ற நாலு பேரும் சிங்களவர்கள், எல்லாம் நம்மைப் போலச் சின்னப் பட்டறைக்காரர்கள். ருவன்வெல்லப் பக்கத்திலிருந்து வந்த வயசான முதலாளி ஒருவர்தான் தலைமை. பத்திரிகைக்காரர் மூன்று பேர் வந்திருந்தார்கள். முதலாளி எழுந்து தன் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். அவர் வைத்த சிவப்பு அரக்கு ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது.

"அபே பெட்டிய எரலவத் நே!" என்றார். நம்முடைய பெட்டியைத் திறக்கக்கூட இல்லை! மேசையைத் தட்டினார். மற்ற மூன்று பேரும் தங்கள் பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். எல்லாவற்றிலும் அரக்கு அப்படியே. அவர்களுக்கு வந்த கடிதமும் ஒரு பக்கம்தான். ஐந்து வருட அனுபவம் இல்லை, அவ்வளவுதான். ஐந்து மாதம் ஓர் அலமாரியில் கிடந்திருக்கிறது, ஒருத்தன் தொட்டுப் பார்க்கவில்லை, இதுதான் இந்த நாட்டு டெண்டர் என்று அவர் சொன்னபோது மாடியே அதிர்ந்தது. படம் பிடித்தார்கள்.

பிறகு எல்லோரும் என் மடியைப் பார்த்தார்கள். நம் பெட்டியில் அரக்கு இல்லை. கத்தியால் நேராக வெட்டி எடுத்திருந்தது. செவ்வாய்க்கிழமை நான் அதைக் கவனிக்கவே இல்லை, உன் எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுந்து, எங்களுடையதைத் திறந்து சோதித்திருக்கிறார்கள் என்றேன். இரண்டாம் பக்கத்தை விரித்தேன். முதலாளி என் பக்கம் குனிந்து, கோபமில்லாமல், தகப்பன் மகளிடம் சொல்வதுபோல, "நங்கி, ஏக பெத்தகட்ட தியன்ன" என்றார். தங்கச்சி, அதை ஒரு பக்கமாக வை. நாலு பெட்டி போதும். அவர் சொன்னதும் நியாயம்தான். திறந்த பெட்டி ஒன்று நடுவில் இருந்தால் திறக்காத நாலுக்கும் மரியாதை இல்லை. அண்ணனைப் பார்த்தேன். உன் படத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை அவர். தலை குனிந்திருந்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நாலு பேருக்கும் கோபப்பட ஒரு காரணம் கிடைத்துவிட்டது. எல்லோரும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். எனக்கு அதுகூட இல்லை. அந்தப் பெரிய கட்டிடத்தில் யாரோ ஒரு மனிதர், ஐந்து பெட்டியில் நம் பெட்டியை மட்டும் எடுத்திருக்கிறார். அந்த ஐந்து வருட நிபந்தனையால் தள்ள வேண்டிய பெட்டிதான் என்று தெரிந்தும் எடுத்திருக்கிறார். தள்ளுவதற்கு இன்னொரு காரணம் தேடி எடுத்தாரோ, எப்படியாவது கொடுக்கலாமா என்று பார்க்கத்தான் எடுத்தாரோ. வளையத்தை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து, சரி, சரி, சரி என்று எழுதிக்கொண்டே வந்தவர் கடைசியில் மோந்து பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்? அந்த மனிதர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. உன்னை நினைக்கும்போதெல்லாம் இப்போது அவரும் கூடவே வருகிறார். சுமக்கிறேன், வேறென்ன செய்ய?

அவனுங்க தொறக்கவே மாட்டானுங்கன்னு சொன்னியாமே.

தொறந்தாங்க, அண்ணி.